தீவகத்தில் விளையாட்டுக் கணினி: உறுப்புத் தெரிவு பற்றிய ஓர் ஆராய்வு

விலைகொடுத்து ஒரு பொருளை வாங்குதல் எளிது. பயன்நோக்கித் தெரிந்து வாங்குதல் அரிது. வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு கொம்பனிகள் செய்த உறுப்புக்களைத் தனித்தனி வாங்கி, வீட்டு மேசையில் வைத்துப் பொருத்தி, ஒரே இயந்திரமாக இயங்கச் செய்தல் அதனினும் அரிது. இன்று நம் மாணவருட் பலர் இம்முயற்சியிலே பேரார்வத்தோடு ஈடுபடுகின்றனர். கணினியில் ஆடும் விளையாட்டுக்களுக்கென ஓர் இயந்திரத்தைத் தம் கையாலேயே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்தம் அவா.

இதனைக் கேட்ட பெரியோர், "விளையாட்டுக்காகவா இத்துணைப் பணச்செலவு?" என வினவுதல் இயல்பே. அவ்வினாவை நாம் எளிதிற் புறக்கணிப்பதற்கில்லை. இவ்வகையிற் செலவாகும் பணம் பெரும்பாலும் கனடாவிலோ இலண்டனிலோ இரவு வேலை செய்யும் ஒரு மாமனோ அண்ணனோ மிச்சம்பிடித்து அனுப்பிய பணமாகும். அது பிழையான பொருளிற் போய்விடின் மீளப் பெறுதல் அரிது. ஆயினும் ஒன்று கூறவேண்டும். விளையாட்டுக்குத் தகுதியாக அமைந்த கணினியே நிரல் எழுதுதற்கும், முப்பரிமாண வரைபடம் வரைதற்கும், வீடியோப் படங்களைத் தொகுத்தற்கும் தகுதியான கணினியாம். உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகப் பயிலும் மாணவனுக்கு அதனைப் பொருத்துதலே ஒரு செய்முறைப் பாடமுமாகும். ஆதலின், வாங்கலாமா என்பதிலும், எங்ஙனம் தெரிவது என்பதே இங்கு நாம் ஆராய்தற்குரியது.

இவ்வாராய்ச்சிக்கு அனலைதீவை நிலைக்களனாகக் கொள்கின்றோம். ஒல்லாந்தர் தம் நாட்டுத் துறைமுக நகரின் பெயரால் றொற்றர்டாம் என அழைத்த அத்தீவுக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறை வரை தரைவழியாகச் சென்று, அப்பால் இயந்திரப் படகில் ஏறிக் கடல் கடந்து செல்லல் வேண்டும். நகரத்திலே மறைந்துகிடக்கும் குறைகள் யாவும் அங்கே வெளிப்பட்டுவிடும். நகரத்தான் ஓர் உறுப்புப் பழுதுற்றால் மாலையிலே கடைக்குப் போய் மாற்றிவிடுவான். தீவான் ஒரு நாளையும் படகுப் பயணத்தையும் அதற்கு ஈடாகக் கொடுத்தல் வேண்டும். எனவே தீவிலே நிலைத்து நிற்கும் கணினி எவ்விடத்தும் நிற்கும் என்பது எம் துணிபு.

திருவள்ளுவர் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்து, அவற்றின்பின் தெரிந்துதெளிதலை வைத்தார். அரசர்க்கு உரைத்த அம்முறை கணினி அமைப்பார்க்கும் பொருந்துவதே. தீவினர்க்கு இடமே முதற்கண் எழும் வினாவாதலின், நாம் இடனறிதலை முன்வைத்துத் தொடங்குவாம்.

இடனறிதல்

கணினி உறுப்புக்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் செயலியிலிருந்தோ வரைகலை அட்டையிலிருந்தோ தொடங்குவர். தீவிலே தொடங்கவேண்டிய இடம் சுவரிலுள்ள பிளக் ஆகும். இலங்கையின் மின்னோட்டம் 230 வோல்ற்று, 50 ஹேற்சு என வகுக்கப்பட்டது. அனலைதீவோ தேசிய மின்வலையிற் சேராது, நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிற்கும் இந்திய அரசின் நன்கொடையோடு கலப்பு மின் திட்டம் ஒன்றை நிறைவேற்றுதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச் 1ஆம் திகதி கைச்சாத்தாயிற்று. அத்திட்டத்திலே 1,700 கிலோவாற்றுச் சூரிய மின், 530 கிலோவாற்றுக் காற்று மின், 2,400 கிலோவாற்று மணி கொள்ளும் பற்றரி, 2,500 கிலோவாற்றுக் காப்பு டீசல் மின் என்பன மூன்று தீவுகளுக்கும் சேர்த்து வகுக்கப்பட்டன. சிறிய மின்வலை எதுவாயினும், பெரிய மோட்டார் ஒன்று இயங்கத் தொடங்கும்போது வோல்ற்றளவு தாழ்தலும், அது நிற்கும்போது உயர்தலும் பெருவலையிலும் மிகுதியாக நிகழத்தக்கன.

ஆதலின் முதலாவது தெரியவேண்டிய உறுப்பு பவர் சப்ளை எனப்படும் மின்வலு வழங்கியே. விளையாட்டின் அழகை அது ஒருசிறிதும் கூட்டாமையால், பணம் குறையும்போது முதலிற் பலியாவதும் அதுவே. விலையுயர்ந்த வரைகலை அட்டையை வாங்கிவிட்டு, பெயரறியாத மலிவான வழங்கியை அதனோடு பூட்டுதல், நல்ல நெல்லை ஓட்டைக் கடகத்திற் சுமப்பது போலாம். தரங்குறைந்த வழங்கி பழுதுறும்போது தான் மட்டும் கெடுவதில்லை; தன்னோடு பிணைந்த தாய்ப்பலகையையும் அட்டையையும் உடன்கொண்டு போதலும் உண்டு. 2004ஆம் ஆண்டு தொடங்கிய "80 பிளஸ்" என்னும் தரச்சான்று, சுமையின் 20, 50, 100 வீத நிலைகளில் வழங்கியின் வினைத்திறன் 80 வீதத்திற்குக் குறையாமையை அடிப்படையாகக் கொண்டது. அச்சான்று வினைத்திறனை மட்டுமே கூறும். வோல்ற்றளவு மிகுதல், மின்னோட்டம் மிகுதல், குறுஞ்சுற்று ஆகியவற்றுக்கு எதிரான பாதுகாப்புக்கள் உளவா என்பதைத் தனியே நோக்கல் வேண்டும்.

வெளிநாட்டிலுள்ள அன்பர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்வார்களாக. கனடாவின் வீட்டு மின்னோட்டம் 120 வோல்ற்று. இக்கால வழங்கிகளுட் பல 100 முதல் 240 வோல்ற்று வரை தாமே ஏற்பன. ஆயினும் சிலவற்றின் பின்புறத்திலே 115, 230 எனக் குறித்த சிறு சிவப்பு ஆளி ஒன்று உண்டு. அது 115இல் நிற்க, 230 வோல்ற்றில் இணைத்தால், அக்கணமே வழங்கி பாழாகும். மேலும், இலண்டனிலிருந்து வரும் சதுரமுனைச் செருகி இங்கும் வழங்குவது. கனடாச் செருகி இங்கே பொருந்தாது. செருகியைப் பொருத்துதற்காகப் புவித்தொடுப்பு முனையை வெட்டிவிடுதல் உயிர்க்கே இடர் தருவதாகும்.

இடத்தின் இரண்டாவது இயல்பு வெப்பம். கணினி உண்ணும் மின் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே அறைக்குள் வெளிப்படும். மேனாட்டார் உறுப்புக்களைச் சோதித்து வெளியிடும் வெப்பநிலைகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசை ஒட்டிய அறைகளிலே பெறப்பட்டவை. பங்குனி, சித்திரையில் நம் அறை 32 பாகையாயிருப்பின், அவர் கூறிய எண்ணோடு ஏறக்குறைய 12 பாகையைக் கூட்டியே நாம் கொள்ளல் வேண்டும். நீர்கொண்டு குளிர்விக்கும் சாதனம் கண்ணுக்கு இனியது. ஆயின் அதன் பம்பி பழுதானால் முழுச் சாதனத்தையும் மாற்றவேண்டும். காற்றால் குளிர்விப்பதிலோ பழுதாகத்தக்கது விசிறி ஒன்றே. அதனை யாழ்ப்பாண நகரிலே வாங்கி நாமே பூட்டலாம்.

மூன்றாவது இயல்பு உப்புக் காற்று. காற்றின் சார்ப்பீரப்பதன் 75 வீதத்தை எட்டும்போது, சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரைசலாக மாறும். சோளகக் காற்றோடு வந்து பலகையிற் படிந்த உப்புத்தூள், ஈரம் மிகுந்த இரவிலே மின்கடத்தும் படலமாகிச் செப்புத் தடங்களை அரிப்பது இவ்வாறே. ஆதலின் கடல்நோக்கிய யன்னலின் அருகே கணினியை வைத்தலாகாது. காற்று உட்புகும் வழிகளில் வலை வடிகட்டி உள்ள பெட்டியைத் தெரிக. உள்ளிழுக்கும் விசிறிகள் வெளித்தள்ளும் விசிறிகளிலும் மிகுதியாயின், வடிகட்டாத இடுக்குக்களால் உப்பும் தூசும் புகுதல் குறையும். நெடுநாள் இயங்காது கிடக்கும் கணினியிலும் நாடோறும் சிறிது நேரம் இயங்கும் கணினி ஈரத்தினின்று காக்கப்படும். அதன் வெப்பமே அதற்குக் காவல். மாரிக்கு முன்னும் சித்திரையிலும் இடிமின்னல் மிகும் நாட்களில், ஆளியை மட்டும் அணையாது, செருகியையே பிடுங்கிவிடுதல் நன்று.

வலியறிதல்

இனி உறுப்புக்களின் வலிமையை அளந்து காண்பாம். துலாவினால் நீர் இறைத்த முறையை நம் முதியோர் அறிவர். துலா மிதிப்போர், பட்டை பிடிப்போர், பாத்திக்குத் தண்ணீர் மாறுவோர் ஆகிய அனைவரும் ஒத்து இயங்கினாலே தோட்டம் நனையும். மிதிப்போர் எத்துணை வலியராயினும், தண்ணீர் மாறுபவன் தளர்ந்தவனாயின், வாய்க்கால் உடைந்து நீர் வீணாகும். கணினியின் இயல்பும் இத்தகையதே.

விளையாட்டிலே திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்துக்கும் இரு வேலைகள் உள. யார் எங்கே நிற்கின்றார், எறிந்த பந்து எங்கே விழும் என்பவற்றைக் கணித்தல் செயலியின் வேலை. கணித்தவற்றை ஒளியும் நிறமுமாகத் தீட்டுதல் வரைகலை அட்டையின் வேலை. செக்கனுக்கு 60 படங்கள் தோன்றவேண்டுமாயின், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன். செயலி ஒரு படத்துக்கு 20 மில்லிசெக்கன் எடுப்பதாகவும், அட்டை 10 மில்லிசெக்கனில் தீட்டி முடிப்பதாகவும் கொள்வோம். அப்போது கிடைப்பன செக்கனுக்கு 50 படங்களே. அட்டையை நீக்கி, இருமடங்கு விரைவுடைய வேறோர் அட்டையைப் பூட்டினாலும் கிடைப்பன அதே 50 படங்கள்தாம். கூட்டிக் கொடுத்த பணம் முழுவதும் காத்திருத்தலிற் கழியும். உறுப்பின் பெருமையன்று, உறுப்புக்களின் இயைபே கணினியின் வலிமை என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வியைபைக் காணத் திரையை முதலில் முடிவுசெய்தல் வேண்டும். 1920க்கு 1080 என்னும் திரையிலே 20,73,600 படப்புள்ளிகள் உள; 3840க்கு 2160 என்னும் திரையிலே 82,94,400 உள. பின்னது முன்னதின் சரியாக நான்கு மடங்கு. திரை பெரிதாயின் அட்டை பெரிதாகும். அட்டை பெரிதாயின் வழங்கி பெரிதாகும். வெப்பமும் மின்கட்டணமும் உடன் பெருகும். முதற்கணினி அமைக்கும் மாணவனுக்கு முன்னைய திரையே சாலும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். உறுப்புக்களின் பெயர்கள் ஆண்டுதோறும் மாறுவன. கணக்கிடும் முறை மாறாது. ஏ.எம்.டி. கொம்பனியின் ரைசன் 5 5600 என்னும் செயலி ஆறு கருக்களை உடையது. 65 வாற்று எனக் குறிக்கப்பட்டது. ரேடியன் ஆர்.எக்ஸ். 6600 என்னும் அட்டை 8 ஜிகாபைற்று நினைவகமும் 132 வாற்று அளவும் உடையது. தாய்ப்பலகை, நினைவகம், எஸ்.எஸ்.டி. சேமிப்பகம், விசிறிகள் ஆகியவற்றுக்கு 50 வாற்று எனக் கொள்க. கூட்டுத்தொகை ஏறக்குறைய 250 வாற்று. வழங்கியின் வினைத்திறன் 85 வீதமாயின் சுவரிலிருந்து பெறுவது ஏறக்குறைய 295 வாற்று. திரைக்கு 25 சேர்த்து 320 வாற்று. நாளொன்றுக்கு 3 மணி நேரம் முழுச்சுமையில் இயக்கினால், 30 நாளில் 29 அலகு செலவாகும்.

இதனை மற்றொன்றோடு ஒப்பிடுக. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டை 450 வாற்று. இன்ரெலின் ஐ9 14900கே செயலி உச்சநிலையில் 253 வாற்று. பிறவற்றையும் திரையையும் வழங்கியின் இழப்பையும் சேர்த்தால் 900 வாற்றளவு எழும். அதே 3 மணி நேரத்துக்கு, 30 நாளில் 81 அலகு. அலகு கூடக் கூட வீதமும் படிப்படியாக உயரும் கட்டண முறையிலே, இவ்வேறுபாடு குடும்பத்தின் மாதச் செலவையே அசைக்கும். அறைக்குள் 900 வாற்று வெப்பத்தைக் கொட்டும் இயந்திரத்தோடு சித்திரை மாதத்தில் ஒரே அறையில் இருத்தலும் எளிதன்று.

மின் தடைப்படுங்காற் காக்கும் யூ.பி.எஸ். சாதனத்தையும் இக்கணக்காலேயே தெரிதல் வேண்டும். அதன்மேற் பொறித்திருப்பது வோல்ற்று-அம்பியர், வாற்று அன்று. எளிய வகைகளில் வலுக்காரணி 0.6 ஆகலாம். எனவே 650 வோல்ற்று-அம்பியர்ச் சாதனம் தாங்குவது 390 வாற்று. 1,000 உடையது தாங்குவது 600 வாற்று. முற்கூறிய 320 வாற்றுக் கணினிக்குப் பின்னது தாராளமாகப் போதும். அதன் நோக்கம் விளையாட்டைத் தொடர்தலன்று. செய்த வேலையைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துதற்குச் சில நிமிடம் பெறுதலேயாம்.

நினைவகத்தைப் பற்றி ஒரு சொல். 16 ஜிகாபைற்று வேண்டுமாயின் ஒரே தண்டாக வாங்காது, 8 உடைய இரு தண்டுகளாக வாங்குக. டி.டி.ஆர்.4 3200 வகைத் தண்டொன்று செக்கனுக்கு 25.6 ஜிகாபைற்று கடத்தும். இரண்டினை இரு வழிகளிற் பொருத்தினால் 51.2 ஆகும். தனி அட்டை வாங்கப் பணமில்லாதவன் ரைசன் 5 5600ஜி போன்று வரைகலையையும் உள்ளடக்கிய செயலியைத் தெரியலாம். அத்தகைய செயலி பொது நினைவகத்தையே தீட்டுதற்கும் பயன்படுத்துமாதலின், இரு தண்டு முறை அதற்கு இன்றியமையாதது. எளிய விளையாட்டுக்களோடு தொடங்கி, வசதி வந்தபின் அட்டையைச் சேர்த்துக்கொள்ளுதல் அறிவுடைமையாம்.

பொருத்தமறிதல்

பல கொம்பனிகளின் உறுப்புக்கள் ஒன்றோடொன்று பொருந்துதல் தற்செயலன்று. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியின் அமைப்பைப் பிறரும் பின்பற்ற இயன்றமையாலும், 1995இல் இன்ரெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். அளவுமுறையாலும் இவ்வொழுங்கு வேரூன்றியது. ஆயினும் எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தா. முற்கூறிய ரைசன் 5 5600 ஏ.எம்.4 என்னும் பொருத்துகுழிக்கு உரியது, ஏ.எம்.5 பலகையில் அது அமையாது. அதே குழியுடைய பழைய பலகையாயினும், அதன் பயோஸ் நிரலைப் புதுப்பித்தாலன்றிப் புதிய செயலியை அறியாது. புதுப்பித்த பலகையா என்பதைக் கடையிலேயே கேட்டறிதல் வேண்டும். தீவுக்குக் கொண்டுவந்தபின் அறிதல் வீண் அலைச்சல். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 தண்டுகளின் வெட்டு வெவ்வேறிடத்தில் உள்ளமையால் ஒன்றன் குழியில் மற்றொன்று செல்லாது, வலிந்து அழுத்தலாகாது. அட்டையின் நீளத்தைப் பெட்டியின் உள்ளளவோடு ஒப்பிடுக.

மிகவும் எச்சரிக்கை வேண்டுவது வடங்களிலே. கழற்றிப் பூட்டும் வடங்களையுடைய வழங்கிகளில், ஒன்றன் வடத்தை மற்றொன்றிற் பூட்டலாகாது. முனை ஒத்திருப்பினும் உள்ளே கம்பிகளின் ஒழுங்கு வேறாயிருக்கலாம். ஒரு கணத்திலே சேமிப்பகமும் பலகையும் எரிந்துபோம். உறுப்பைத் தொடுமுன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைக் கழித்தலையும் மறவற்க.

காலமறிதல்

இவ்வுறுப்புக்கள் யாவும் இறக்குமதிப் பொருள்கள். 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தமை யாவரும் அறிந்தது. 2025ஆம் ஆண்டின் இறுதியிலே, செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பெருந்தேவையால் நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுகி உயர்ந்தது. ஆதலின் சென்ற ஆண்டு ஒருவர் எழுதிய விலைப்பட்டியலை இவ்வாண்டு அவ்வாறே கொள்ளலாகாது. விலை உயர்ந்த உறுப்பைச் சிறிதளவாக வாங்கி, மற்றொன்றைச் சேர்த்தற்கு இடம்விட்டு வைத்தலே தக்கது. நான்கு நினைவகக் குழியுடைய பலகை இவ்வகையில் உதவும்.

கையிருந்து கைமாறிய அட்டைகளைப் பற்றியும் கூறல் வேண்டும். இதேரியம் என்னும் எண்ணியல் நாணயத்தை அட்டைகளால் அகழும் முறை 2022 செப்டெம்பர் 15ஆம் திகதியோடு முடிவுற்றது. அதன்பின் இரவுபகலாக உழைத்த அட்டைகள் பல சந்தைக்கு வந்தன. அவை யாவும் தீயன அல்ல. விசிறி தடையின்றிச் சுழல்கின்றதா, முழுச்சுமையில் அரைமணி நேரம் ஓடுகின்றதா, செப்பிலே பச்சை படர்ந்துளதா என நோக்கி வாங்கலாம். ஆனால் வழங்கியை மட்டும் புதியதாகவே வாங்குக.

உத்தரவாதமும் காலத்தின் பாற்பட்டதே. வெளிநாட்டில் வாங்கிய உறுப்பின் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டளவிலேயே செல்லும். ஆதலின் பழுதுறுதல் அரிதான செயலி, நினைவகம் போன்றவற்றை வெளியிலிருந்து பெறுதலும், வழங்கி, தாய்ப்பலகை, யூ.பி.எஸ். என்பவற்றை யாழ்ப்பாணத்திலேயே பற்றுச்சீட்டோடு வாங்குதலும் நன்முறையாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்பின், தெரிவின் முறை இஃதாகும்: முதலில் மின்னும் வழங்கியும், அடுத்துத் திரை, அதற்கேற்ற அட்டை, அட்டைக்கேற்ற செயலி, செயலிக்கேற்ற பலகையும் நினைவகமும், இறுதியிலே ஒளிவிளக்கும் கண்ணாடிப் பெட்டியும் போன்ற அலங்காரங்கள், பணம் மிஞ்சினால் மட்டும். கடைகள் விளம்பரஞ் செய்யும் முறை இதற்கு முற்றும் மறுதலை என்பதையும் மாணவர் உணர்வார்களாக.

கடல்கடந்து வாழும் பழைய மாணவ அன்பர்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்று. மருமகனுக்கோ தம்பிக்கோ பெரியதோர் அட்டையை வியப்பூட்டும் பரிசாக அனுப்புமுன், அவன் வீட்டு மின் எத்தகையது, வழங்கி எத்தனை வாற்று, பலகை எது, பெட்டி எவ்வளவு நீளம் என்னும் நான்கு வினாக்களை அவனிடமே கேளுங்கள். விடையைத் தேடி அவன் அளந்து எழுதும் அந்தக் கடிதமே அவனுக்கு முதற்பாடமாகும். மாணவர்களும் உறுப்பு ஒன்றை வாங்குமுன் இவ்விதழில் உள்ள கூட்டற் கணக்கைத் தத்தம் கொப்பியிலே தாமே ஒருமுறை செய்து பார்ப்பார்களாக. பணம் கொடுத்தாரும் பயன் பெறுவாரும் ஒருங்கு மகிழும்படி அமைந்த கணினியே நல்ல கணினி என்க.